டாக்டர் மாவு மில்

போகும்ங்ணா, பெரியாஸ்பத்திரி போகும், ஏறுங்க. படியில நின்னுட்டே கேட்டுட்டிருந்தா கண்டக்டரு விசிலடிச்சிருவாரு. உள்ள வாங்க. அந்தக் கம்பியைப் பிடிக்காதீங்க, அது ஆடும். இந்தக் கம்பியைப் பிடிங்க. அந்தத் தூக்குப்போசியை இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். பரவால்லைங்ணா, குடுங்க. உக்காந்துட்டு வர்றவனுக்கு மடி பின்ன எதுக்கு இருக்குது.

சுடுதே. ஆட்டுக்கால் சூப்பா? மூடி போட்டிருந்தும் மொளகு வாசம் தூக்குது. யாருக்குங்ணா, பையனுக்கா? பைக்ல விழுந்துட்டானா. கால்ல ராடு வெச்சிருக்காங்கன்னா எலும்பு வார்டு. பழைய கட்டடம், மேல் மாடி. கேட்டுக்குள்ள போனதும் நேரா போயிராதீங்க. எல்லாரும் நேரா போயித்தான் ரத்தம் எடுக்கற எடத்துல வரிசையில நிப்பாங்க. வேப்பமரத்துக்கிட்ட வலது பக்கம் திரும்போணும். எனக்கெப்படித் தெரியும்னா, நான் அங்கதான் படிக்கறேன். டாக்டருக்குத்தான்.

ஏனுங்ணா, கம்பியை விட்டுட்டுக் கும்புடறீங்க. வண்டி வளைவுல போகுது, பிடிங்க முதல்ல.

பாத்தீங்களா, இதைத்தான் நான் யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். உங்க பையனுக்கு என்ன வயசு? பத்தொம்பதா. எனக்கு ஒரு வயசு கூட, அவ்வளவுதான். அவனை நீங்க கும்புடுவீங்களா? பைக்கை எடுத்துட்டுப் போயி விழுந்ததுக்கு நாலு திட்டு திட்டிட்டு, அப்பறம் ஆட்டுக்கால் வாங்கிச் சுட்டு, இடிச்சு, சூப்பு வெச்சு எடுத்துட்டுப் போறீங்க. அவன் குடுத்து வெச்சவன். காலு ஒடஞ்சிருக்குது, அது வேற விஷயம்.

உங்களுக்கு எறங்கற எடம் வந்தா நானே சொல்றேன். எனக்கும் அங்கதான் எறங்கோணும். இன்னிக்குப் பரீட்சை. இல்லைங்ணா, வீட்டுல இருந்து வரல. ஹாஸ்டல் அந்தக் காம்பவுண்டுக்குள்ளயேதான் இருக்குது. காலையில எந்திரிச்சேன், குளிச்சேன், வெள்ளைக் கோட்டை மடிச்சுப் பையில வெச்சேன், பரீட்சை ஹாலுக்குத்தான் நடந்து வந்தேன். ஹாலுக்கு இடது பக்கம் திரும்போணும். நேரா நடந்தா கேட்டு. கேட்டுக்கிட்ட இந்த வண்டி நின்னுட்டிருந்துச்சு. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா நேரம் சரியா இருக்கும்னு ஏறிட்டேன். அப்படித்தான் இப்ப வந்துட்டிருக்கேன். நேரம் இருக்குது. நேரமெல்லாம் இருக்குதுங்ணா.

உக்கார எடம் குடுக்கலைன்னு நெனைச்சுக்காதீங்க. நீங்க உக்காருங்கன்னு சொன்னா எந்திரிச்சிருவேன். வேண்டாங்களா? சரி. இந்த ஒத்தை சீட்டு இருக்குது பாருங்க, டிரைவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்கு நேரா, இது கெடைக்கறதுக்கு நான் ரெண்டு வண்டியை விட்டுட்டு மூணாவது வண்டியில ஏறுவேன். இதுல உக்காந்தா ரோடு உங்க மடியில வந்து விழும். முன்னால யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. இது கரூர் பட்டறைப் பாடி. போன வருசம் கட்டினது. டிரைவரு மூணாவது கியர்ல இருந்து நாலுக்கு மாத்தறப்ப ஒரு சின்ன முனகல் வரும், கேளுங்க. இப்ப. கேட்டுச்சா? கேக்கலையா. பரவால்ல, யாருக்கும் கேக்கறதில்ல.

எனக்கு இதுதாங்ணா பொழுதுபோக்கு. என்ற ரூம்மேட்டு ஒருத்தன், ஆல்வின்னு, நாகர்கோயில்காரன், அவன் ஞாயித்துக்கெழமை கிரிக்கெட் ஆடப் போவான். இன்னொருத்தன் கிட்டார் வாசிப்பான், மூணு வருசமா ஒரே பாட்டு. நான் பஸ் ஏறுவேன். எங்கயும் போகோணும்னு இல்ல. ஒரு வண்டியில ஏறி, அது போற எடம் வரைக்கும் போயி, டீக்கடையில ஒரு டீயைக் குடிச்சுட்டு, வேற வண்டியில திரும்பி வருவேன். ஹாஸ்டல் பாத்ரூம்ல சோப்பு போட்டுட்டு நின்னாலே ரோட்டுல போற வண்டி எதுன்னு சத்தத்தை வெச்சுச் சொல்லிருவேன். ஆல்வின் பந்தயம் கட்டித் தோத்திருக்கான். பைத்தியம்பான். அவன் சொன்னா பரவால்ல, அவன் நல்லவன்.

படிப்பா? படிப்பு எப்படின்னா, எப்படிச் சொல்றது. காலையில மெஸ்ஸுல பொங்கல். வாரத்துல பாதி நாள் பொங்கல்தான். அதைத் தின்னுட்டு வகுப்புக்குப் போனா முன்வரிசைக்காரங்களைத் தவிர மத்த எல்லாரும் தூங்குவாங்க. அப்பறம் வார்டு. ஒரு பெரியவரு வயித்துல கட்டியோட படுத்திருப்பாரு, நாங்க ஒரு பட்டாளமே போயி ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அமுக்குவோம். அமுக்கறதுக்கு முன்னால கையைத் தேய்ச்சு சூடு பண்ணோணும், அது பாடம். எப்பருந்து வலிக்குது, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதா, இதையே எல்லாரும் கேப்போம். ஒரு பெரியவரு என்னைப் பாத்துக் கேட்டாரு, "ஏஞ்சாமி, முன்னால வந்துட்டுப் போன பையன்கிட்டச் சொன்னேனே, நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதே இல்லையா"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கூட நின்ன புரபசர் மேடம் பாத்துட்டாங்க.

அதுக்கப்பறம் லேபு. இன்னிக்குப் பரீட்சையே அதுலதான், பேத்தாலஜி. கண்ணாடிச் சில்லுல மெல்லிசா சதையைச் சீவி, சாயம் போட்டு வெச்சிருப்பாங்க. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாத்தா என்ன நோய்னு சொல்லோணும். எல்லாருக்கும் நோய் தெரியும். எனக்கு ரோஸ் கலர் தெரியும். சித்த நேரம் பாத்தா ஊதாக் கலரும் தெரியும். அவ்வளவுதான்.

அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பஸ்ஸை நான் எப்படி அடையாளம் வெச்சுக்குவேன்? பம்பர்ல நசுங்கல், கண்ணாடியில விரிசல், பின்னால ஒரு எழுத்து உதுந்திருக்கும். அதே மாதிரி இந்தச் சில்லுகள்லயும் இருந்துச்சு. மூலை ஒடஞ்சிருந்தா அது கல்லீரல். நீல மை தீத்தியிருந்தா அது காசநோய். ரெண்டு கீறல் இருந்தா கிட்னி. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டேன். மாதாந்திரப் பரீட்சையில நெம்ப நல்ல மார்க்கு. லேபு மேடமே ஆச்சரியப்பட்டு, "ஏதோ முயற்சி பண்றே போலிருக்கே"ன்னாங்க. பெரிய பரீட்சை வந்துச்சு. உள்ள போயி மொதல் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சேன். கீறல் இல்ல. அடுத்தது. கீறல் இல்ல, மை இல்ல. அத்தனையும் பளபளன்னு புதுச் சில்லு. வெளியூர்ல இருந்து பரீட்சை வெக்க வந்த சாரு வர்றப்பவே கையோட எடுத்துட்டு வந்துட்டாராம். புது வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு ஓனர் பேரைச் சொல்லுன்னா நான் எங்க போவேன்? மணி அடிக்கறாங்க, நகர்றேன், மணி அடிக்கறாங்க, நகர்றேன். எல்லா எடத்துலயும் கல்லீரல்னே எழுதி வெச்சேன். ஒண்ணு சரியாப் போச்சு. அந்தப் பரீட்சையைத்தான் இன்னிக்கு மறுபடியும் எழுதோணும்.

சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சேன். அப்பறம் ரூமுக்குப் போயி அழுதேன்.

பேச்சுல கவனிக்கவே இல்ல, செக்போஸ்ட் தாண்டிட்டோம். இன்னும் தூரம் இருக்குதுங்ணா, பதறாதீங்க. இந்த ரோட்டுல ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். இது எனக்கு ரெண்டாவது நடை. ஆமா, ஒரு தடவை ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துச்சு. எறங்கலாம்னுதான் இருந்தேன். நெம்பக் கூட்டமா இருந்துச்சு, எந்திரிக்கறதுக்குள்ள வண்டி எடுத்துட்டாங்க. அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி மறுபடியும் இந்தப் பக்கம் வந்துட்டேன். கண்டக்டரு தெரிஞ்சவரு, எங்கூருக்குப் பக்கத்தூரு. ஒரு மாதிரி பாத்தாரு, அவ்வளவுதான்.

புடிக்கலைன்னா விட்டுற வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. சொல்றது சுலபம்ங்ணா. எங்கூருக்கு ஒரு தடவை வந்து பாருங்க.

மெடிக்கல் சீட்டு அலாட்மெண்டு வந்த அன்னிக்கே என்ற மாமா, அம்மாகூடப் பொறந்தவரு, நாலு ரோட்டுல பிளக்ஸ் வெச்சுட்டாரு. என்ற பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துட்டுப் போயி வேற எவனோ ஒருத்தன் ஒடம்பு மேல ஒட்டிட்டாங்க. கோட்டு என்றதில்ல. கழுத்துல தொங்கற ஸ்டெத்தஸ்கோப்பு என்றதில்ல. கையைக் கட்டிட்டு நிக்கறான், அந்தக் கையும் என்றதில்ல. மூஞ்சி மட்டும் என்றது. "எங்கள் ஊரின் முதல் மருத்துவர்"னு போட்டிருந்துச்சு. காலேஜ்ல இன்னும் காலெடுத்து வெக்கலைங்ணா நான். அந்த மழைக்காலத்துல பிளக்ஸ் கிழிஞ்சு போச்சு, எங்க பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயி மாட்டுக் கொட்டாயிக்குக் கூரையாக் கட்டிட்டாங்க. இப்பவும் நான் ஊருக்குப் போனா என்ற மூஞ்சி மாட்டைப் பாத்துட்டுச் சிரிச்சுட்டிருக்கும்.

எங்கப்பா மாவு மில் வெச்சிருக்காரு. சென்னியப்பன் மில்லுன்னு சொல்லுவாங்க, எங்கப்பா பேருதான். போர்டெல்லாம் கெடையாது. மாவு அரைக்கறவனுக்குப் போர்டு எதுக்கு, சத்தம் கேட்டு வருவாங்க. மாமா விட்டாரா? பெயிண்டரைக் கூட்டிட்டு வந்து, செவுரு அகலத்துக்கு "டாக்டர் மாவு மில்"னு எழுதிட்டாரு. பக்கத்துல ஒரு சேப்புக் கூட்டல் குறி. மறுநாளே ஒரு அம்மா சளி மாத்திரை கேட்டுட்டு வந்து நின்னுச்சாம். எங்கப்பா மாத்திரை இல்லீங்க, மொளகாய் அரைக்கலாம்னாராம்.

அன்னிலிருந்து என்ற பேரு ஊர்ல யாருக்கும் ஞாபகம் இல்ல. தரணிதரன்னு ஒரு பேரு வெச்சாங்களே, அது எங்க போச்சுன்னே தெரியல. டீக்கடையில டாக்டரு. கோயில்ல டாக்டரு. நோம்பித் திருவிழாவுக்குப் போனா, வாங்க டாக்டர்னு என்னைக் கூட்டிட்டுப் போயி பெரிய மனுசங்க வரிசையில நாற்காலி போட்டு உக்கார வெக்கறாங்க. என்ற கூட்டாளிக எல்லாம் அந்தப் பக்கம் நின்னு ஆட்டம் போடறானுக. நான் உக்காந்துட்டு பாத்துட்டிருக்கேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பறாங்க, என்னன்னு பாத்துச் சொல்லுங்கன்னு. ஒருத்தரு மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குதுன்னு போன் பண்ணாரு. எல்லாத்துக்கும் மேல எங்கம்மா. போன் எடுத்தா, "டாக்டரு சாப்பிட்டாச்சுங்களா"ங்கறா. ங்க போடறா, பாத்துக்குங்க. பெத்தவ ங்க போட்டுப் பேசினா அப்பறம் அவகிட்ட எதைச் சொல்லி அழுகறது?

சரி, ஊர்ல டாக்டரு. காலேஜ்ல என்ன தெரியுமா? டிரைவரு.

அது ஒரு கதை. வார்டுல ஒரு பொண்ணு, இருதய நோயி. மேடம் எல்லாரையும் ஸ்டெத்தஸ்கோப்பு வெச்சுக் கேக்கச் சொன்னாங்க. வரிசையா கேட்டாங்க, எல்லாரும் தலையை ஆட்டினாங்க. யாருக்கும் ஒண்ணும் கேக்கலைங்கறது எனக்குத் தெரியும், மூஞ்சியிலயே தெரியுமே. என்ற முறை வந்துச்சு. கண்ணை மூடிட்டுக் கேட்டேன். லப்பு, டப்பு, அதுக்கப்பறம் அடியில ஒரு இழுவை. மெதுவா உருண்டு வர்ற மாதிரி. என்ன கேக்குதுன்னாங்க. என்ற வாயி சும்மா இருந்துச்சா? "மேட்டுல வண்டி ரெண்டாவது கியர்ல இழுக்கற மாதிரி இருக்குதுங் மேடம், டப்புக்கு அப்பறம்"னேன். வார்டே சிரிச்சுது. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. மேடம் சிரிக்கல. என்னையே பாத்துட்டு, சரியான எடத்தைச் சொல்லிட்டான், பேருதான் தெரியலைன்னாங்க. ஆனா யாரு காதுல அது விழுந்துச்சு? அன்னில இருந்து டிரைவரு. டிரைவர் நோட்டைக் குடு, டிரைவர் மெஸ்ஸுக்கு வர்றியா. திட்டறதுக்குக் கூப்பிடறதில்ல, பிரியமாத்தான் கூப்பிடறாங்க. அதுதான் இன்னும் மோசம்.

யோசிச்சுப் பாருங்க. அங்க டாக்டருன்னு கூப்பிட்டா பொய். இங்க டிரைவருன்னு கூப்பிட்டா கேலி. நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன், எந்த வண்டியிலயும் சீட்டு இல்லாம.

அப்பாவா? அவரைப் பத்திக் கேக்காதீங்க. மத்தவங்க எல்லாம் தெரியாம பண்றாங்க, விட்டுறலாம். அவரு தெரிஞ்சே பண்றாரு.

ஊரே டாக்டர்னு கூப்பிடுதே, அவரு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருப்பாரா? இல்ல. சாமிங்கறாரு, தரணிங்கறாரு, சின்னப்பையன்ல கூப்பிட்ட மாதிரியே. மொத நாள்ல இருந்தே அவருக்கு என்மேல நம்பிக்கை இல்லைங்ணா. மில்லுல அந்தப் போர்டு எழுதறப்ப கூட வெளிய வந்து பாக்கலையாம், உள்ள ராகி அரைச்சுட்டிருந்தாராம். ஞாயித்துக்கெழமை ஆனா போன் பண்ணுவாரு. படிச்சியான்னு கேக்க மாட்டாரு. மார்க்கு எவ்வளவுன்னு கேக்க மாட்டாரு. எடுத்ததும், "எறங்கிட்டியா சாமி?" அவ்வளவுதான். நான் எந்த ஊருக்குப் போனாலும், எங்க டீ குடிச்சுட்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியா வரும், "எறங்கிட்டியா?" கண்டக்டருங்க யாராச்சும் சொல்லிருப்பாங்க, வேற யாரு. வேவு பாக்கறாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எறங்கிட்டேனுங்கப்பான்னா, "என்ன வண்டி, எப்படிப் போச்சு"ம்பாரு. குத்திக் காட்டறாரு பாருங்க. படிக்காம ஊர் சுத்தறேன்னு நேரா திட்டினாக்கூடத் தேவலை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஃபெயிலானது வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மா அழுதுட்டே தோசை சுட்டா. மாமா வந்து, வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நாலு தடவை சொல்லிட்டுப் போனாரு. அப்பா மட்டும் காலையில மொபெட்டை எடுத்து, "மில்லுக்கு பேரிங் வாங்கோணும், கரூர் வரைக்கும் வர்றியா"ன்னாரு. போனேன். பேரிங் கடைப் பக்கமே போகல. நேரா ஒரு பஸ் பாடி கட்டற பட்டறைக்குள்ள வண்டியை விட்டாரு.

அதை நீங்க பாக்கோணுமே. வரிசையா எலும்புக்கூடு மாதிரி நிக்குதுங்ணா, வெறும் சேஸிஸு. ஒண்ணுல குழாய் வளைச்சுட்டிருக்காங்க, ஒண்ணுல தகடு அடிக்கறாங்க, ஒண்ணுல ஜன்னல் மாட்டறாங்க. கடைசியில ஒண்ணு பெயிண்டு அடிச்சு, மாலை போட்டு நிக்குது. ஒரு பஸ்ஸு எப்படிப் பொறக்குதுன்னு ஒரே எடத்துல நின்னு பாக்கலாம். மத்தியானம் வரைக்கும் அங்கயே சுத்தினேன். வெல்டிங் அடிக்கறவருகிட்ட என்ன என்னமோ கேட்டேன், சாப்பிட மறந்துட்டேன். திரும்பிப் பாத்தா அப்பா ஓரமா ஒரு டயர் மேல உக்காந்து என்னையே பாத்துட்டிருக்காரு. எவ்வளவு நேரமாப் பாத்தாருன்னு தெரியல.

அப்பறம் ஓனர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. ஓனரு அவருக்குப் பழக்கமாம், எனக்கு அதுவரைக்கும் தெரியாது. "பையனுக்கு இதுல விருப்பம். வந்து நின்னு கத்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டாரு. ஓனரு, தாராளமா வரட்டும், படிச்ச பையன், டிசைன் பண்ற எடத்துல உக்காரட்டும்னாரு. அப்பா என்கிட்டத் திரும்பி, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி"ன்னாரு.

கேட்டீங்களா? இதுக்கு என்ன அர்த்தம்? ஃபெயிலானவன் நீ, தகடு அடிக்கத்தான் லாயக்குன்னு அர்த்தம். நாலு பேரு முன்னால, வாயால சொல்லாம, கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. நான் வெளிய வந்து மொபெட்ல உக்காந்துட்டேன்.

அதோட விட்டாரா? வர்ற வழியில, ஒரு பத்து மைல் தாண்டினதும், "மில்லு போர்டைப் பத்தி ரோசனை பண்ணிட்டிருந்தேன் சாமி. அதை அழிக்கறது பெரிய வேலை இல்ல. ஒரு டப்பா சுண்ணாம்பு, ஒரு மத்தியானம்"னாரு.

ஒரு டப்பா சுண்ணாம்புங்ணா. என்னை அழிக்கறதுக்கு. மிரட்டறாரு. இனி ஒரு தடவை ஃபெயிலானா பேரையே அழிச்சுருவேன்னு மிரட்டறாரு. அன்னிக்கு வந்தவன்தான், அவரு போனை எடுக்கறதில்ல. இன்னிக்கு அணைச்சே வெச்சுட்டேன். பரீட்சை நாள்னு தெரியும் அவருக்கு, காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருந்தாரு.

என்னங்ணா, குனியறீங்க. சூப்பு சிந்திருச்சான்னு பாக்கறீங்களா? சிந்தல. மூடியைப் பிடிச்சுட்டேதான் இருக்கேன்.

நான் எப்படி விடறது சொல்லுங்க. படிச்சா டாக்டருன்னு நெசமாவே கூப்பிடுவாங்க, சாகற வரைக்கும். விட்டா ஃபெயிலானதால விட்டான்னு சொல்லுவாங்க, அதுவும் சாகற வரைக்கும். பாஸாகிட்டு விட்டா பைத்தியம்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் அங்க ஒரு போர்டு எழுதி வெச்சுட்டு நிக்கறாங்க. வண்டிக்குள்ள இருக்கறப்ப மட்டுந்தான் நான் யாருமில்ல. டிக்கெட்டு வாங்கியிருக்கேன், உக்காந்திருக்கேன். அது எவ்வளவு நிம்மதின்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா கெரகம், எல்லா வண்டிக்கும் ஒரு கடைசி ஸ்டாப்பு இருக்குது.

மேம்பாலம் ஏறுது பாருங்க. இப்பக் கேளுங்க, ரெண்டாவது கியரு. இழுக்குது. இதேதான் அந்தப் பொண்ணு நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. எறங்கினதும் வளைவு, வளைவுக்கப்பறம் பெரியாஸ்பத்திரி. நீங்க முன்னால போயி நில்லுங்க, கூட்டம் முட்டும். நானா? நீங்க எறங்குங்க, நான் வர்றேன். கோட்டை எடுக்கோணும், பை மேல இருக்குது. நீங்க எறங்குங்க.

ஏனுங்ணா. போசி. போசியை விட்டுட்டு எறங்கிட்டீங்க. இந்தாங்க, ஜன்னல்ல குடுக்கறேன், பிடிங்க. கையை நீட்டுங்க. சித்த கிட்ட வாங்கண்ணா, எட்டல. ஏன் அங்கயே நிக்கறீங்க? பின்னால எதுக்குக் கையைக் கட்டிக்கறீங்க? உங்க பையனோட சூப்புங்க, என்றதில்ல. கண்டக்டரு விசில் ஊதப் போறாரு. கண்டக்டரண்ணா, ஒரு நிமிசம் இருங்க, அவரு போசி என்கிட்ட மாட்டிக்கிச்சு. வழி விடுங்க. வழி விடுங்க, எறங்கோணும்.

இந்தாங்க. நல்ல ஆளுங்க நீங்க. வண்டி போகுது பாருங்க. என்ற ஒத்தை சீட்டுல ஒரு தடியன் உக்காந்துட்டான். கோட்டு பையி என்ற தோள்லதான் இருக்குது, ஆமா, மேல வெக்கவே இல்ல. அது தெரிஞ்சுதான் போசியை விட்டுட்டு எறங்குனீங்களா.

வாங்கிக்குங்கண்ணா, கை சுடுது. ஆறிப் போகறதுக்குள்ள பையனுக்குக் குடுங்க. வேப்பமரம், வலது பக்கம். நான் இடது பக்கம் போகோணும்.

என்னது? போர்டை அழிக்கறேன்னு சொன்னப்ப எங்கப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சா? அது எப்படித் தெரியும், நான் பின்னால உக்காந்திருந்தேன். அவரு முதுகுதான் தெரியும். கோவமா? இல்ல, கோவமெல்லாம் இல்ல. வண்டியை மெதுவா ஓட்டினாரு. நெம்ப மெதுவா. அப்பறம் ஒரு கையை எடுத்துப் பின்னால விட்டு, என்ற முட்டி மேல ரெண்டு தட்டு தட்டினாரு. ஆமா. தட்டிட்டு அந்தக் கையை எடுக்கவே இல்ல, ஊரு வர்ற வரைக்கும். ஒத்தைக் கையில ஓட்டினாரு. வளைவு வேற. எனக்கு பயமா இருந்துச்சு.

ஏனுங்ணா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? மிரட்டறவங்க எப்படித் தட்டுவாங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்? எங்கப்பா அதுக்கு முன்னால என்னை மிரட்டினதே இல்லையே.

மிரட்டினதே இல்லீங்ணா.

சித்த இருங்க. போகாதீங்க. இந்தப் போசியை ஒருக்கா நீங்களே பிடிங்க, ரெண்டு கையும் வேணும் எனக்கு. போன் ஆன் ஆகறதுக்கு நேரமாகுது. பரீட்சைக்கு நேரம் இருக்குது, அது இருக்கட்டும். ஆன் ஆயிருச்சு. அட, நான் இன்னும் கூப்பிடவே இல்ல, அவரே கூப்பிடறாரு பாருங்க.

அப்பா. நான் தரணிங்கப்பா.

ம். எறங்கிட்டேனுங்கப்பா. இப்பத்தான். எறங்கிட்டேன்.